மேற்கிலிருந்து 22 பாகை

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது இரண்டு முறை சாய்கிறது. முதலில் மேற்குமலையின் விளிம்புக்குப் பின்னால் கதிரவன் இறங்கிவிடுவான். மலையின் நிழல் தென்னந்தோப்புகளையும் நெல்வயல்களையும் முல்லைப்பெரியாற்றையும் ஒவ்வொன்றாகக் கடந்து கிழக்கே நீளும். ஆயினும் வானம் வெளுத்தே கிடக்கும். மலையை ஒட்டிய ஊர்களில் மெய்யான அத்தமனத்துக்கு அதன்பின் அரைமணி நேரம்கூட ஆவதுண்டு. ரமலான் மாதத்தில் இந்த இடைவெளிக்குத் தனி அழகு வந்துவிடும். நோன்புக் கஞ்சியையும் பேரீச்சம்பழத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே மறைந்துவிட்ட கதிரவன் மறைவதற்காகப் பள்ளிவாசலில் காத்திருப்பார்கள். சுவரில் மாட்டிய அட்டவணையும் கடிகாரமும் சொன்ன பிறகே பாங்கு ஒலிக்கும். இந்த ஊரில் மேற்கு என்பது கண்ணால் அறியத்தக்கதன்று, கணக்கால்தான் அறிய வேண்டும் என்று நண்பர் ஒருவர் அடிக்கடி கூறுவார். அவர் இயற்பியல் கற்பிப்பவர். வேறெப்படிக் கூறுவார்?

அந்த நண்பரையும் அவருடைய தந்தையாரையும், இருவருக்கும் இடையில் வந்து நின்ற ஒரு கோணத்தையும் பற்றியே எழுத உட்கார்ந்திருக்கிறோம்.

நண்பர் ராவுத்தர் குடும்பத்தவர். உத்தமபாளையத்திலிருந்து சற்றுத் தள்ளி அவரது ஊர். ஊர்ப்பெயர் வேண்டாம். தந்தையாரை 'அத்தா' என்று அழைப்பது அவர்கள் வழக்கம். போய்வந்து பழகியதில் நாமும் அத்தா என்றே அழைக்கத் தொடங்கிவிட்டோம். எண்பது கடந்தவர். இரண்டு ஏக்கரில் பன்னீர் திராட்சை வைத்திருந்தார். 2023 ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நாம் ஆவலோடு கொண்டுபோய்ச் சொன்னபோது, "குறியீடு கெடக்கட்டும் தம்பி, கிலோவுக்கு எவ்வளவு கூடக் குடுப்பாக?" என்று கேட்டவர். நாளுக்கு ஐந்து வேளைத் தொழுகையை விட்டவரல்லர். மனிதர் எவரையும் அதற்காக அதட்டியவரும் அல்லர்.

அதற்கடுத்த கோடையில் ஊர்ப் பள்ளிவாசலின் பழைய சிமெண்டுத் தரையைப் பெயர்த்துவிட்டுக் கிரானைட் பதிப்பதென்று ஜமாஅத் முடிவு செய்தது. தொழுவோர் தோளோடு தோள் உரச நிற்கும் வரிசைக்கு 'ஸஃப்' என்று பெயர். வெள்ளைக் கல்லின் நடுவே அந்த வரிசைகளைக் காட்டும் கறுப்புப் பட்டைகள் பதிப்பதாகத் திட்டம். கொத்தனார் மிஹ்ராபை, அதாவது இமாம் நிற்கும் சுவர் மாடத்தை, நேராக நோக்கி நூல் பிடித்துக்கொண்டிருந்தபோது, வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த இளைஞர் ஒருவர் கைபேசியில் கிப்லா காட்டும் செயலியைத் திறந்து தரையில் வைத்தார். முள் மிஹ்ராபைக் காட்டவில்லை. அதற்கு வலப்புறம், சுவரில் கடிகாரம் தொங்கிய இடத்தையும் தாண்டி, ஒரு சன்னலைக் காட்டிற்று. அருகிலிருந்த மற்றவர்களும் தத்தம் கைபேசியை எடுத்து வைத்தார்கள். எல்லா முட்களும் சன்னலைத்தான் காட்டின.

ஊரில் படித்தவர் யாரென்று பார்த்து நண்பரிடம் வந்தார்கள்.

அவர் போட்ட கணக்கை நமக்கும் ஒரு தாளில் வரைந்து விளக்கினார். தேனி ஏறத்தாழ வடக்கு 10 பாகை அட்சத்திலும் கிழக்கு 77½ பாகை தீர்க்கத்திலும் இருக்கிறது. மக்காவிலுள்ள கஅபாவோ 21.4 பாகை அட்சத்தில், 39.8 பாகை தீர்க்கத்தில். ஆகவே மக்கா நமக்கு நேர்மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து வடக்கே விலகியிருக்கிறது. தேனியிலிருந்து அதே அட்சக்கோட்டைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனால் கொச்சி வரும், பிறகு கடல், அதற்கும் அப்பால் சோமாலியா. எவ்வளவு விலகல்? சுவரில் மாட்டும் உலகப் படத்தில் அளவுகோலை வைத்தால் 17, 18 பாகை என்று வரும். உலகம் உருண்டையாதலால் அது சரியன்று. உருண்டையின்மேல் தேனிக்கும் மக்காவுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அந்த நூல் புறப்படும் திசையே குறுக்குவழி. அது 22 பாகை. தொலைவு ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர். கோள முக்கோணக் கணக்கால் கிப்லாவை அறியும் இம்முறை பழையது. கஜினி நகரத்தின் கிப்லாவைக் கண்டறிவதற்காகவே ஊர்களுக்கிடையிலான தொலைவுகளையும் தீர்க்கங்களையும் ஆராய்ந்து ஒரு முழு நூலை எழுதி, 1025 ஆம் ஆண்டில் முடித்தார் அல்பிரூனி. இந்தியாவைப் பற்றி எழுதிய அதே அல்பிரூனிதான். சோமநாதத்தைப் பாழாக்கி மாமூது திரும்பிய ஆண்டுகளை ஒட்டியே அவனது நகரில் ஒருவர் அமர்ந்து இத்தனை நுட்பமாகத் திசை பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை எண்ணும்போது வரலாறு நமக்குப் பிடிபடாத பொருளாகவே தோன்றுகிறது. இது கிளைக்கதை.

கணக்கைக் காட்டினால் ஊர் நம்பாது, கண்ணால் காட்ட வேண்டும் என்றார் நண்பர். ஆண்டுக்கு இருமுறை, மே 28 ஆம் நாளையும் சூலை 16 ஆம் நாளையும் ஒட்டி, நண்பகலில் கதிரவன் கஅபாவின் உச்சிக்கு நேர்மேலே வருகிறது. அந்தக் கணத்தில் உலகில் எங்கெல்லாம் வெயில் இருக்கிறதோ அங்கெல்லாம் கதிரவனே மக்காவின் திசையைக் காட்டும். மே மாதத்தில் நமக்கு அப்போது பிற்பகல் 2 மணி 48 நிமிடம். சூலையில் தென்மேற்குப் பருவக்காற்று மேகத்தை மலைமேல் ஏற்றி வைத்திருக்கும். மே மாதத்தை விட்டால் நம்புவதற்கில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு மீட்டர் கம்பியை நட்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டால் செங்குத்தா என்று சரிபார்த்து, நாலைந்து பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மேகம் விட்டு விட்டு வந்தது. சரியான நேரத்தில் வெயில் அடித்தது. நிழல் 78 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிழக்கு-தென்கிழக்காக விழுந்தது. நண்பர் நிழலின்மேல் சுண்ணாம்புக் கோடு இழுத்து, அதை எதிர்ப்புறம் மண்டபத்துக்குள் நீட்டினார். 12 மீட்டர் நீள மண்டபத்தில் அந்தக் கோடு மிஹ்ராபிலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் தள்ளிச் சுவரை முட்டிற்று. அதே சன்னல்.

அத்தா ஒரு தூணில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் கூட்டம் கூடியது. நாம் வெளித்திண்ணையில் அமர்ந்து கேட்டோம். தமிழகத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றில் பழைய கட்டடம் ஒரு பக்கமும் விரிப்புகள் கோணலாக இன்னொரு பக்கமும் பார்ப்பதை ஒருவர் எடுத்துச் சொன்னார். 2009 ஆம் ஆண்டில் மக்கா நகரத்திலேயே பழைய பள்ளிவாசல்கள் பலவற்றின் கிப்லா பிசகியிருப்பதாகச் செய்தி வந்ததே என்று இன்னொருவர் நினைவூட்டினார். கொத்தனாருக்கு வேறு கவலை. கோணலாகப் பட்டை வைத்தால் சுவரோரம் முழுக்க முக்கோணத் துண்டுகளாக வெட்ட வேண்டும், கல் வீணாகும், தம் மூலைமட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை என்றார். சிரிப்பு எழுந்து அடங்கியபோதுதான் அத்தா பேசினார்.

"அப்ப, எங்க அத்தாவும் அவுக அத்தாவும் இங்க நின்னு தொழுததெல்லாம் எங்கிட்டுப் போச்சு?"

அவர் மகனைப் பார்த்துக் கேட்கவில்லை. பொதுவாகத்தான் கேட்டார். ஆனால் விடை சொல்ல வேண்டிய இடத்தில் மகன் இருந்தார்.

ஹஜ்ரத் விளக்கினார். இளைஞர்தாம், நிதானமாகப் பேசினார். கஅபாவைக் கண்ணால் காணக்கூடியவர் அதன் கட்டடத்தையே நேராக நோக்க வேண்டும். காணமுடியாத தொலைவிலுள்ளவருக்கு ஹனஃபி வழியில் அந்தத் திசைப்பக்கம் போதும்; இரு பக்கமும் 45 பாகை வரை விலகினாலும் தொழுகை செல்லும். கடற்கரையில் காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து மரைக்காயர்கள் ஷாஃபி வழியினர். அவ்வழி நூல்கள் இதில் இன்னும் இறுக்கமானவை. நம் பள்ளத்தாக்கு ராவுத்தர்கள் ஹனஃபிகள். ஆகவே முன்னோர் தொழுததில் ஒரு குறையும் இல்லை. இனிமேலும் நேர்மேற்கு நோக்கித் தொழலாம். சரியான கோணம் தெரிந்துவிட்டபடியால் அதன்படி பட்டை வைத்தால் அதுவும் நல்லதே.

இந்த விடையில் இருந்த கருணை நம்மைத் தொட்டது. நமக்கு அது போதுமானதாகவும் பட்டது. ஆனால் ஊருக்குப் போதவில்லை. தெரிந்த பிறகு எப்படித் தவறான கோட்டில் கல் பதிப்பது என்று இளைஞர்கள் கேட்டார்கள். பட்டைகள் கோணலாகவே பதிக்கப்பட்டன. மிஹ்ராபை யாரும் தொடவில்லை. இமாம் அதற்கு வெளியே, சற்றே வலப்புறம் திரும்பி நின்றார்.

அத்தா இரண்டு வாரம் வந்து அந்த வரிசையில் நின்றார். பிறகு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வந்தார். மற்ற வேளைகளுக்குத் தோட்டத்தில் வேலை இருப்பதாகச் சொன்னார். எண்பது வயதில் அஸர் நேரத்தில் திராட்சைத் தோட்டத்தில் என்ன வேலை என்று மகனும் கேட்கவில்லை.

இக்காலத்தில் நாம் ஒரு சொல்லைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தோம். மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. தமிழ்நிலம் மேற்கே மலையாக உயர்ந்தும் கிழக்கே கடலை நோக்கிச் சரிந்தும் கிடப்பதால் பிறந்த பெயர்கள் இவை. சங்கத் தமிழில் குடக்கு, குணக்கு என்ற சொற்களும் வழங்கின. மலைக்கு அப்புறம் கோட்டயத்தில் போய் நின்றால் மலை கிழக்கே உயர்ந்து நிற்கும்; இருந்தும் மலையாளி அத்திசையைக் கிழக்கு என்றே சொல்கிறான். கீழே இல்லாத கீழ்த்திசை. மேற்கை மட்டும் ஞாயிறு படியும் இடம் என்ற பொருளில் படிஞ்ஞாறு என்கிறான். அந்தக் கிழக்கு என்ற சொல்லை வைத்தே, அம்மொழி மலைக்கு இப்பாலிருந்து போனது என்று 1856 ஆம் ஆண்டு வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் வாதிட்டார். வகுப்பில் பலமுறை சொன்ன செய்திதான் இது. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவர் தொழுகைக்கு எழுந்து நிற்கும்போது அச்சொல் வெறுஞ்சொல்லாக இருப்பதில்லை. வயலில் துண்டை விரித்து மேற்கே திரும்புகிறவரின் முன்னால் மலை சுவராக எழுகிறது. மேற்கு இங்கே மெய்யாகவே மேல். அதற்கப்பால் எதையும் காண முடியாது. காண முடியாததை நோக்கி நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான நிலம் இருக்குமா என்று தெரியவில்லை.

திசை பார்ப்பது நமக்கும் புதிதன்று. கோப்பெருஞ்சோழன் உயிர்விடுவதற்கு வடக்கு நோக்கி அமர்ந்தான்; கண்டிராத நண்பனைத் தேடிப் பாண்டி நாட்டிலிருந்து பிசிராந்தையார் போய் அவன் வழியிலேயே வடக்கிருந்தார். கிழக்கு நோக்கிய கோயிலில் கருவறைக்கு நேரே நிற்கும் அடியவர் எந்தத் திசையைப் பார்க்கிறார்? மேற்கைத்தான். ஆனால் அவருக்குத் திசை கணக்கில் இல்லை. தெய்வம் எதிரே இருக்கிறது. கோயில் தெற்கு நோக்கியிருந்தால் அவர் வடக்கே பார்ப்பார். பள்ளிவாசலில் எதிரே இருப்பது வெறுஞ்சுவர். மாடம் ஒன்று உண்டு, அதிலும் ஒன்றுமில்லை. வைத்து வணங்கப் பொருளேதும் இல்லாத இடத்தில் திசையே எல்லாப் பளுவையும் சுமக்கிறது. 22 பாகைக்காக ஓர் ஊர் தூக்கம் கெட்டது ஏன் என்பது இப்படி எண்ணிய பிறகே நமக்கு விளங்கத் தொடங்கியது.

நண்பரோடு ஒரு மாலை ஆற்றங்கரையில் நடக்கும்போது இதைச் சொன்னோம். அவர் வேறொன்று சொன்னார். மதீனாவில் தொடக்கத்தில் ஜெருசலேமை நோக்கியே தொழுதார்கள். கி.பி. 624 இல், நபிகள் மக்காவிலிருந்து குடிபெயர்ந்த இரண்டாம் ஆண்டில், கஅபாவை நோக்கும்படி கட்டளை வந்தது. மதீனாவுக்கு ஜெருசலேம் வடக்கே, மக்கா தெற்கே. அவ்வூரில் இரு கிப்லாப் பள்ளிவாசல் என்றே ஒன்று உண்டு. தொழுகையின் நடுவிலேயே வரிசை முழுவதும் முகத்தை முதுகாக்கித் திரும்பியதாக மரபு. "அவர்களுக்கு அது முழுத் திருப்பம். நம் ஊரிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜெருசலேமுக்கும் மக்காவுக்கும் இங்கிருந்து வெறும் 13 பாகைதான் வித்தியாசம். பள்ளிவாசலில் நாங்கள் திருப்பியது அதைவிட அதிகம்" என்றார்.

எதிரே ஓடிக்கொண்டிருந்த ஆறும் திருப்பப்பட்டதுதான். அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மலைமேல் தேக்கி, 1895 ஆம் ஆண்டு முதல் சுரங்கம் வழியாகக் கிழக்கே வரச் செய்திருக்கிறார்கள். அந்த நீரில்தான் பள்ளத்தாக்கு பச்சையாயிருக்கிறது. இதைச் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டோம். அவர் கேட்க விரும்பியது உவமையை அன்று.

"கணக்குத் தப்பில்லையே?" என்றார்.

"தப்பில்லை" என்றோம்.

"அத்தா என்னோடு பேசுகிறார். சாப்பிட்டாயா என்கிறார், வண்டியை மெதுவாக ஓட்டு என்கிறார். இதைப் பற்றி மட்டும் பேச மாட்டேன் என்கிறார்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகத் தோட்டத்துக்குப் போனோம். திராட்சைப் பந்தலுக்குள் குனிந்துதான் போக வேண்டும். கல்தூண்கள் நட்டு, மேலே கம்பி இழுத்து, கொடியை ஏற்றியிருப்பார்கள். அத்தா இரண்டு தூண்களுக்கு நடுவே துண்டை விரித்து அஸர் தொழுதுகொண்டிருந்தார். முடியும்வரை நின்றோம். அவர் சலாம் கொடுத்துத் துண்டை உதறியதும், நண்பர் கைபேசியை எடுத்ததைப் பார்த்து நமக்குத் திக்கென்றது. மகனுக்கும் விஞ்ஞானிக்கும் நடுவில் விஞ்ஞானிதான் எப்போதும் முதலில் கையை நீட்டிவிடுகிறான். துண்டு கிடந்த இடத்தில் கைபேசியை வைத்துப் பார்த்தார். மேற்கிலிருந்து வடக்கே 15 பாகை. பள்ளிவாசலின் பழைய நேர்மேற்கும் அன்று, புதிய 22 உம் அன்று.

"என்னடா சொல்லுது?" என்றார் அத்தா.

"பதினஞ்சு, அத்தா. இதை எப்படி வச்சீங்க?"

"வைக்க என்ன இருக்கு? பந்தக்கால் நட்ட அன்னிக்கு எங்க அத்தா கூட நின்னாக. பொழுது போய் மலையில விழுந்த எடத்தப் பாத்து, இந்த ரெண்டு காலுக்கு நடுவுல நின்னு தொழுதுக்கன்னாக. அதான்."

"எந்த மாசம்?"

"சித்திரை நடுவுல. கோயில் திருவிழாவுக்குப் போயிட்டான்னு கல்லொடைக்கிற ஆள் வரல, அதான் நெனவிருக்கு."

கதிரவன் நாள்தோறும் ஒரே இடத்தில் மறைவதில்லை. நம் அட்சத்தில் மார்கழியில் மேற்கிலிருந்து 24 பாகை தெற்கேயும் ஆனியில் 24 பாகை வடக்கேயும் போய்த் திரும்புகிறது. சித்திரை நடுவில் 14, 15 பாகை வடக்கே மறையும். கிழவர் சொன்னது கணக்குக்கு அப்படியே ஒத்துவந்தது. இன்னொன்றும் நண்பர் மனக்கணக்காகச் சொன்னார்: வைகாசி நடுவில் கால் நட்டிருந்தால் 22 பாகைக்கே வந்திருக்கும். ஒரு மாதம் முன்னதாக நட்டுவிட்டார்கள்.

இதைத் தந்தையிடம் எப்படிச் சொல்வதென்று அவர் தயங்குவது தெரிந்தது. நாம் இடையில் புகுந்து, சூரியன் மறைகிற நேரத்தில் தொழக் கூடாதென்று சொல்வார்களே என்று அறியாமையோடு ஒன்று கேட்டு வைத்தோம். உதயத்திலும் உச்சியிலும் மறையும் கணத்திலும் தொழுகை இல்லை. கதிரவனை வணங்குவோரோடு ஒப்புமை வந்துவிடக் கூடாது என்பது காரணம்.

"அது மறையிறப்ப தொழக் கூடாது வாத்தியாரே. மறைஞ்ச எடத்தப் பாக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது? பொழுது எங்களுக்குச் சாமியில்ல. கைகாட்டி" என்றார் அத்தா. பிறகு மகனைப் பார்த்து, பள்ளிவாசல் தரை பதித்து ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்குப் பின், முதன்முறையாக அதைப் பற்றிக் கேட்டார்: "நீ நட்டியே கம்பி, அன்னிக்குப் பொழுது நெசமாவே அங்க தலைக்கு மேல நின்னுச்சா?"

"நின்னுச்சு அத்தா. கஅபாவுக்கு நிழலே விழாது அப்ப."

அவர் சற்று நேரம் பேசவில்லை. "நிழலே விழாதா?" என்றார் மறுபடியும். அந்த வியப்பில் கோபம் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. ஆனால் மறுநாளும் அவர் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. தூண்களுக்கு நடுவேதான் தொழுதார். எது மாறிற்று என்று கேட்டால் நம்மால் சொல்ல முடியாது.

ராவுத்தர் என்றால் குதிரைவீரர் என்று பொருள். வாகனத்தின்மேல் போகிறவர் கடமையல்லாத உபரித் தொழுகையை வாகனம் போகும் திசையை நோக்கியே தொழலாம் என்று ஒரு சலுகை உண்டு. 2007 ஆம் ஆண்டில் மலேசிய வீரர் ஒருவர் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது அந்நாட்டு அறிஞர்கள் அவருக்கு வழிகாட்டி வகுத்தார்கள்: கஅபாவை நோக்க இயன்றால் நோக்குக, இயலாவிடில் அதற்கு நேர்மேலுள்ள வெளியை, அதுவும் இயலாவிடில் பூமியை, அதற்கும் வழியில்லையெனில் எப்பக்கமாயினும். இறைவனுக்குத் திசையில்லை என்ற கருத்தும் குறித்ததொரு திசையை நோக்கச் சொல்லும் கட்டளையும் குர்ஆனின் அல்பகரா என்னும் ஒரே அத்தியாயத்தில்தான் இருக்கின்றன என்று ஹஜ்ரத் ஒருமுறை நம்மிடம் சொன்னார். முதலாவது இல்லாமல் இரண்டாவதைப் பிடித்துக்கொள்பவர்கள்தாம் சண்டை போடுகிறார்கள் என்பது அவர் கருத்து. நமக்கு அவ்வளவு உறுதியாகத் தோன்றவில்லை. சண்டை போடாதவர்களுக்கும் அந்த இரண்டாவது வலித்ததைப் பார்த்தோமே.

தை மாதத்தில் அத்தாவுக்கு வாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் போயின. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நாமும் உடனிருந்தோம். பேச்சு குழறினாலும் நினைவு தெளிவாக இருந்தது. கட்டிலைத் திருப்பச் சொன்னார். எழ முடியாத நோயாளி படுத்தபடியே தலையசைவால் தொழலாம்; ஹனஃபி வழியில் மல்லாந்து, பாதங்கள் கிப்லாப் பக்கம் இருக்க, தலையணையால் தலையை உயர்த்தி முகம் அத்திசையை நோக்கும்படி படுக்க வேண்டும். கால் கிப்லாவை நோக்கி நீண்டுவிடாமல் முழங்காலை மடக்கி அண்டைக் கொடுப்பார்கள். வாழ்நாள் முழுவதும் மேற்கே கால்நீட்டி உட்கார்ந்திராத மனிதர் அவர். நாம் ஒருமுறை அவர் வீட்டுத் திண்ணையில் அறியாமல் அப்படி உட்கார்ந்தபோது, ஒன்றும் சொல்லாமல் நம் நாற்காலியைத் திருப்பிப் போட்டவர். இப்போது பாதம் அப்பக்கம்.

அறை சிறியது. கட்டிலை நேர்மேற்காகப் போட இடம் இருந்தது. நண்பர் அதோடு விடவில்லை. தலைமாட்டைப் பிடித்து வலப்புறம் திருப்பினார். கால்மாடு இரும்புப் பீரோவில் இடித்தது. பீரோவை நகர்த்தினோம், கதவு திறக்கவில்லை. மறுபடி முயன்றார். மூன்றாம் முறை கட்டில் கால் தரையில் கீறிய ஓசைக்கு அத்தா இடக்கையைச் சற்றே உயர்த்தினார். போதும் என்பது போலிருந்தது. நண்பர் கட்டிலைப் பழையபடி நேராக்கிவிட்டு, தந்தையின் முழங்காலுக்கடியில் தலையணை வைத்தார். பிறகு வெளியே வந்து திண்ணையில் நம் பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசியில் அத்தா காலமானார்.

சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு மையவாடிக்கு நடந்தபோது மாலையாகிவிட்டது. அங்கே பழைய கபர்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில், தெற்கு வடக்காகக் கிடந்தன. தலை வடக்கே, கால் தெற்கே. உடலை வலப்புறம் ஒருக்களித்தால் முகம் மேற்கைப் பார்க்கும். வடக்கே தலைவைத்துப் படுக்காதே என்று நம் வீடுகளில் பிள்ளைகளை அதட்டுவது நினைவுக்கு வந்தது. அத்தாவின் அத்தாவுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டியிருந்தார்கள். வெட்டியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நண்பரைப் பார்த்து, "பழைய வரிசைக்கே வெட்டிட்டோம்ணே. புதுக்கணக்குன்னா இன்னும் கொஞ்சம் கோணலா எடுக்கணும். இப்பச் சொன்னாலும் ஆகும்" என்றார்.

நண்பர் பக்கத்துக் கபரைப் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார்.

குழிக்குள் அவரே இறங்கினார். உடலை வாங்கி வலப்புறமாக ஒருக்களித்துக் கிடத்தி, பின்னுக்குச் சாய்ந்துவிடாமல் முதுகோரம் மண்கட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்து வைத்தார். கட்டிகளை வைத்து முடித்த பிறகும் வெகுநேரம் எழவில்லை. கஃபனின் தலைமாட்டு முடிச்சை அவிழ்த்து, முகத்தை இரு கையாலும் பிடித்து மிகச் சிறிதளவு வலப்புறம் திருப்பினார். எவ்வளவு என்று மேலேயிருந்து நமக்குத் தெரியவில்லை.

கதிரவன் மலைக்குப் பின்னால் போய்க் கால்மணிக்கு மேல் ஆகியிருந்தது. வெளிச்சம் போகவில்லை. மஃரிபு பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது.